பக்திப் பாட்டுக்கு எந்த ரிவேர்ப்? ஹோல் (மண்டப வகை) போட்டால் சொல் விளங்குதில்லை

சுருதி5:

வணக்கம். ஒரு பிள்ளையார் பாட்டு மிக்ஸ் பண்ணுறன், ரிவேர்ப்பிலை (சத்தத்துக்குப் பின்னாலை சேர்க்கிற எதிரொலி) வந்து இறுகிப்போய் நிக்குது.

பெண் குரல் (5 கட்டை), வயலின், மிருதங்கம், கடம், தம்புரா (ஃபோன் அப்), கீபோர்ட்டிலை ஒரு ஸ்ட்ரிங்ஸ் பாட் (நீட்டி நிக்கிற பின்னணி ஒலி). ஆதி தாளம், 84 பிபிஎம், கிளிக்குக்கு வாசிச்சது. தொடக்கத்திலை 40 செக்கன் விருத்தம் இருக்கு, அதுக்குத் தாளம் இல்லை. குரலும் வயலினும் வெள்ளவத்தை ஃப்ளாட் ஒண்டின்ரை படுக்கையறையிலை ரெக்கோர்ட் பண்ணினது: 3 மீற்றருக்கு 3.5, உயரம் 2.8, நிலம் டைல்ஸ், சுவர் வெறும் சீமெந்து. மிருதங்கமும் கடமும் வேறை இடம், எதிரொலி குறைவு.

ரீப்பர் (மிக்ஸ் பண்ணுற மென்பொருள்) பாவிக்கிறன். ஒவ்வொரு ட்ராக்கிலையும் ட்ராகன்ஃப்ளை ஹோல் எண்ட ரிவேர்ப் பிளகினை நேரடியாப் போட்டு, டிகே (எதிரொலி ஓயிற நேரம்) 2.8 செக்கன், வெட் (ரிவேர்ப்பின்ரை பங்கு) 30 வீதமளவிலை வச்சிருக்கு. கொழும்பிலை கச்சேரி நடக்கிற சரஸ்வதி மண்டபத்திலை பின்வரிசையிலை இருந்து கேக்கிற உணர்வு வேணும் எண்டுதான் ஹோல் எடுத்தது. வாறது என்னெண்டால், சரணத்திலை சொல் விளங்குதில்லை, சங்கதி கரைஞ்சு போகுது, தொப்பி (மிருதங்கத்தின்ரை இடப்பக்கம்) கும்கும் எண்டு எல்லாத்தையும் மூடுது. வெட்டைக் குறைச்சால் குரல் டின்னுக்குள்ளை இருந்து பாடுற மாதிரி.

பிளேட், ரூம், சேம்பர், ஸ்பிரிங், கொன்வலூஷன் (உண்மையான இடமொண்டின்ரை எதிரொலியைப் பதிஞ்சு பாவிக்கிறது) எண்டு இவ்வளவு இருக்கு. எதுக்கு எது? இலக்கத்தோடை சொன்னால் நல்லம்.

—

எதிரொலி_கொழும்பு6:

பின்வரிசை உணர்வும் வேணும், சொல்லும் விளங்கவேணும் எண்டு கேட்டால் ரெண்டும் சண்டை பிடிக்கும். பின்வரிசையிலை இருக்கிறவைக்கு உண்மையாவே சொல் குறைவாத்தான் விளங்கும். அதாலைதானே மண்டபத்திலை மைக் கட்டினம். பக்திப் பாட்டு எண்டால் ஹோல் எண்ட வாய்ப்பாட்டை ஒருக்கா விடுங்கோ. வால் (ரிவேர்ப்பிலை பின்னாலை இழுபடுற சத்தம்) அடுத்த ஸ்வரத்துக்கு என்ன செய்யுது எண்டு பாத்துத்தான் ரிவேர்ப் எடுக்கிறது.

கணக்கைப் பாருங்கோ. டிகே 2.8 எண்டால் சத்தம் 60 டெசிபல் விழ 2.8 செக்கன், அதாவது செக்கனுக்கு 21 டெசிபல். 84 பிபிஎம்மிலை ஒரு அட்சரம் 714 மில்லி செக்கன் (60,000 ஐ 84 ஆலை பிரிக்கிறது). அட்சரத்துக்கு நாலு ஸ்வரம் விழுற சங்கதியிலை ஒரு ஸ்வரத்துக்குக் கிடைக்கிறது 178. அந்த நேரத்துக்குள்ளை வால் விழுறது 4 டெசிபல்கூட இல்லை. அவ 'ரி' பாடேக்கை போன 'ஸ' கிட்டத்தட்ட அதே உயரத்திலை நிக்குது, அதுக்கு முந்தின 'நி'யும் போகேல்லை. கமகம் கரையாமல் வேறை என்ன செய்யும்? டிகேயை 1.2 ஆக்கினால் ஒரு ஸ்வரத்துக்குள்ளை 9 டெசிபல் விழும். அது போதும்.

இப்ப வகைக்கு வாறன். ஹோலிலை முதல் சுவர்த் தெறிப்புகள் தனித்தனியா வரும், பிறகு வால் மெல்ல மெல்ல அடர்த்தியாகும். அந்த மெல்ல எழும்புற நேரம் அடுத்த சொல்லுக்கு மேலை விழுது. பிளேட் அப்பிடி இல்லை. 1957 இலை வந்த ஈஎம்டி 140 எண்டது 2 மீற்றருக்கு 1 மீற்றர், அரை மில்லிமீற்றர் தடிப்பு உருக்குத் தகடு ஒண்டைச் சட்டத்திலை இழுத்துக் கட்டி, அதை அதிரவிட்டுப் பிக்கப்பாலை எடுக்கிறது. தகட்டுக்குச் சுவர் இல்லை, ஆனபடியால் 'இது இவ்வளவு பெரிய அறை' எண்டு காதுக்குச் சொல்லுற முதல் தெறிப்பும் இல்லை. அடர்த்தி உடனயே வரும், உயர் அதிர்வுகள் தகட்டிலை முந்தி ஓடும். குரல் தடிக்கும், தூரம் போகாது. இண்டைக்குப் பிளகினிலை 'பிளேட்' எண்டு இருக்கிறதெல்லாம் இந்தக் குணத்தைத்தான் போலச்செய்யுது.

ஆக குரலுக்குப் பிளேட். டிகே 1.2 இலிருந்து 1.4. ப்ரீ-டிலே 45 மில்லி செக்கன். 714 ஐ 16 ஆலை பிரிச்ச கணக்கு அது, தாளத்தோடை பொருந்தும். ப்ரீ-டிலே என்னத்துக்கெண்டால், 'க', 'ட', 'ப' வெடிச்சு முடிய விட்டுத்தான் வால் தொடங்கும், சொல்லின்ரை முகம் சுத்தமா இருக்கும். 80 ஐத் தாண்டினால் வால் குரலிலிருந்து கழண்டு தனியாக் கேக்கும், கவனம். லோ கட் 300 ஹேர்ட்ஸ், ஹை கட் 7,000. லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவிலை ரிவேர்ப்புக்குப் போறதை 600க்குக் கீழையும் 10,000க்கு மேலையும் வெட்டுற வழக்கம் இருந்தது. 600 உங்கட பாட்டுக்குக் கொஞ்சம் மெலிவு, ஆனால் ஒருக்கா வச்சுக் கேட்டுப் பாருங்கோ, எவ்வளவு அழுக்கு கீழை இருந்தது எண்டு விளங்கும்.

ட்ராக்கிலை நேரடியாப் போடாதேங்கோ. புது ட்ராக் ஒண்டு எடுத்து 'குரல் பிளேட்' எண்டு பேர் வச்சு, குரலிலிருந்து சென்ட் (குரலின்ரை பிரதியை அங்கை அனுப்புறது) போடுங்கோ, ஃபேடருக்குப் பிறகு. சென்ட் −15 டெசிபலிலை தொடங்குங்கோ. ட்ராகன்ஃப்ளையிலை ட்ரை லெவலைப் (ரிவேர்ப் சேராத நேர்ச் சத்தம்) பூச்சியம் ஆக்கவேணும். இதை மறக்கிற ஆக்கள்தான் கூட: ட்ரை திறந்திருந்தால் குரல் ரெண்டு வழியா வந்து சத்தம் கூடும், ரிவேர்ப் கூடினது எண்டு நினைச்சுச் சென்டைக் குறைப்பியள், பிறகு ஒண்டும் பிடிபடாது. பஸ்ஸிலை (அந்தப் புது ட்ராக்) ஒழுங்கு: முதல் ஈகியூ (அதிர்வுகளைக் கூட்டிக் குறைக்கிறது), பிறகு 6,000 தொடக்கம் 8,000 வரை பிடிக்கிற டீ-எஸ்ஸர் ('ஸ்' சத்தத்தைத் தாழ்த்திறது), அதுக்குப் பிறகு பிளேட். டீ-எஸ்ஸரை பிளேட்டுக்குப் பின்னாலை போட்டால் பிரயோசனம் இல்லை, 'ஸ்' வாலுக்குள்ளை ஏற்கெனவே தெறிச்சிட்டுது.

இன்னொண்டு. பிளேட்டுக்குப் பின்னாலை ரியாகொம்ப் (ரீப்பரின்ரை கொம்ப்ரசர், சத்தத்தைத் தானாத் தாழ்த்திறது) போட்டு, குரல் ட்ராக்கிலிருந்து அந்தப் பஸ்ஸின்ரை 3/4 சனலுக்கு ஒரு சென்ட் குடுத்து, டிடெக்டர் இன்புட்டை ஒக்ஸிலியரி ஆக்குங்கோ. ரேஷியோ 3, அட்டாக் 10, ரிலீஸ் 250 மில்லி செக்கன், 3–4 டெசிபல் தாழுற மாதிரி த்ரெஷோல்ட். அவ பாடேக்கை வால் ஒதுங்கி நிக்கும், வரி முடிய எழும்பும். சொல்லும் இருக்கும், மண்டபமும் இருக்கும்.

வயலினுக்கு ஹோல் வச்சிருக்கலாம். டிகே 1.7, ப்ரீ-டிலே 22, ஹை கட் 6,000, சென்ட் −14. குரலிலிருந்தும் இந்த ஹோலுக்கு −24 அளவிலை ஒரு சொட்டு விடுங்கோ, ரெண்டும் ஒரே மேடையிலை இருக்கிற மாதிரி வரும். கீபோர்ட் ஸ்ட்ரிங்ஸுக்குள்ளை ஏற்கெனவே கீபோர்ட்டின்ரை ரிவேர்ப் இருக்கும். அதைக் கீபோர்ட்டின்ரை மெனுவிலையே நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப எடுங்கோ.

—

தோல்வாத்தியம்:

குரலைப் பற்றிச் சொன்னதோடு உடன்படுகிறேன். மிருதங்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்கள் கும்கும் அங்கிருந்துதான் வருகிறது.

ட்ராகன்ஃப்ளை ஹோலில் லோ மல்ட் என்று ஒரு குமிழ் இருக்கிறது. தாழ் அதிர்வுகள் நடு அதிர்வுகளை விட எத்தனை மடங்கு நேரம் நிலைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும். அது 1க்கு மேல் இருந்தால் தொப்பியின் வால் நீங்கள் வைத்த 2.8ஐயும் தாண்டி ஓடும். தீர்மானத்தில் (முடிவில் வாசிக்கும் அடுக்கு) அட்சரத்துக்கு எட்டுச் சொல் விழுந்தால் ஒரு சொல்லுக்கு 89 மில்லி செக்கன். அந்த இடைவெளியில் உங்கள் வால் 2 டெசிபல் கூட இறங்காது. வாசித்தவர் எவ்வளவு தெளிவாகக் கோர்வை போட்டிருந்தாலும் கேட்பவருக்கு ஒரே உறுமல்தான்.

மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் ரூம். டிகே 0.4 இலிருந்து 0.5, ப்ரீ-டிலே 0 இலிருந்து 5. இங்கே ப்ரீ-டிலே வேண்டாம். தோலில் விரல் பட்ட கணமும் முதல் தெறிப்பும் ஒட்டியிருந்தால்தான் ஆள் எதிரே இருந்து வாசிப்பது போல் இருக்கும். ரூமுக்குப் போகும் முன்பே 250 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தொப்பியின் கனம் நேர் சத்தத்தில் மட்டும் இருக்கட்டும். வலந்தலையின் (வலப்பக்கம்) 'நம்', 'தீம்', சாப்பு இவைதான் அறைக்குள் போக வேண்டியவை. சென்ட் −12 வரை தாங்கும், டிகே குறைவு என்பதால் மூடாது. கடத்துக்கு அதே பஸ்ஸில் ஹை கட் 6,000 போதும்.

கடத்துக்குப் பிளேட் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் 'ஷ்' என்று ஒரு மணல் சத்தம் பின்னால் வரும். ஸ்பிரிங்கோ அதைவிட மோசம். சுருள் கம்பிக்குள் ஒவ்வொரு அதிர்வும் ஒவ்வொரு வேகத்தில் ஓடுவதால், கூர்மையான தட்டு எதுவானாலும் 'ட்விங்' என்று வழுக்கும். கிற்றாருக்கு அதுவே அழகு, ஃபெண்டர் 1961 இல் தனிப் பெட்டியாகவே விற்றார்கள். கடத்துக்கு அது குழாய்க்குள் விழுந்த பானை.

தம்புராவுக்கு ரிவேர்ப்பே வேண்டாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. ரிவேர்ப்பின் பயன் சத்தம் நின்ற பிறகு தெரியும் வாலில் இருக்கிறது. தம்புரா நிற்பதே இல்லை, எனவே வாலும் தெரியாது. நிற்காத சத்தத்துக்கு மேல் அதே சத்தம் பிந்தி வந்து சேரும்போது சில ஸ்வராம்சங்கள் கூடும், சில குறையும், ஜீவாவின் (தம்புரா நரம்புக்கடியில் வைக்கும் நூல்) மினுக்கம் போய்விடும். அதை அப்படியே விட்டு, சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

சுருதி பற்றி முக்கியமான ஒன்று. ஹோல் வகைப் பிளகின்களில் மொடுலேஷன், ஸ்பின், வாண்டர் என்று குமிழ்கள் இருக்கும். 1978 இல் வந்த லெக்ஸிகன் 224 காலத்திலிருந்தே, வாலில் உலோகக் கணகணப்பு வராமல் இருக்க உள்ளே உள்ள டிலேக்களை மெல்ல அசைப்பது வழக்கம். பொப் பாட்டுக்கு அது செழிப்பு. எங்கள் பாட்டுக்கு அது சுருதி விலகல். 5 கட்டையில் மேல் ஸட்ஜம் 392 ஹேர்ட்ஸ். வாலின் சுருதி 10 சென்ட் (இது சுருதி அளவு, அரை ஸ்வர இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு) அசைந்தால் தம்புராவோடு மோதிச் செக்கனுக்கு இரண்டு தடவைக்கு மேல் அலையடிக்கும். பாடகி சுத்தமாக நின்ற ஸட்ஜம் ஆடுவது போல் கேட்கும், பழி அவ மேல் விழும். மொடுலேஷனைப் பூச்சியத்துக்கு இறக்கி, கணகணப்பு வந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். டிஃப்யூஸைக் கூட்டினாலும் கணகணப்புக் குறையும்.

—

சுருதி5:

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. மூண்டு பஸ் போட்டாச்சு. ட்ரை லெவல் திறந்துதான் இருந்தது, அக்கா சொன்ன மொடுலேஷனும் அப்பிடியே கிடந்தது. சரணம் இப்ப சொல்லுக்குச் சொல் விளங்குது, தீர்மானமும் சுத்தம்.

மிச்சம் ரெண்டு பிரச்சினை. ஒண்டு, குரலிலை அந்த டின் சத்தம் இன்னும் இருக்கு, ரிவேர்ப்பை முழுசா மூடினாலும் இருக்கு. மற்றது விருத்தம். 1.2 செக்கன் பிளேட்டோடை அது வெறுமையாக் கிடக்கு, ஒவ்வொரு வரிக்கும் பிறகு ஓட்டை விழுற மாதிரி. மண்டபத்தின்ரை சத்தத்தையே கொன்வலூஷனுக்கு எடுத்தால் என்ன?

—

காலிவீதி_ஒலி:

டின் சத்தம் உங்கட படுக்கையறை. ரிவேர்ப் பிளகின் ஒண்டுமே அதை எடுக்காது. பெரிய ஹோலை மேலை போட்டால் டின்னைக் கொண்டுபோய் மண்டபத்துக்குள்ளை வச்ச மாதிரித்தான் கேக்கும்.

3 மீற்றர் இடைவெளியுள்ள ரெண்டு சுவருக்கு நடுவிலை சத்தம் போய்த் திரும்ப 17 மில்லி செக்கன். அதுவும் டைல்ஸும் சீமெந்தும். சபைன் சூத்திரத்திலை (0.161 ஐக் கன அளவாலை பெருக்கி மொத்த உறிஞ்சலாலை பிரிக்கிறது) போட்டால், உங்கட 29 கன மீற்றர் அறை வெறுமையா இருந்தால் 1.6 செக்கன் அளவு வரும், மேற்பரப்பு சராசரி 0.05 உறிஞ்சுது எண்டு வச்சால். 10 சதுர மீற்றருக்கு 0.7 அளவு உறிஞ்சிற தடிச்ச பொருள் வச்சால் அரைச் செக்கனுக்கு இறங்கும். நடு அறையிலை நிண்டு ஒரு கை தட்டிப் பாருங்கோ, 'ட்ர்ர்ர்' எண்டு வந்தால் அதுதான் குரலிலை இருக்கிற டின்.

குரலைத் திரும்ப எடுக்கிறதுதான் மலிவு. கார்டியோயிட் மைக் முன்பக்கம்தான் கூடக் கேக்கும். முன்பக்கம் இருக்கிறது பாடகியும் அவவுக்குப் பின்னாலை உள்ள சுவரும். ஆனபடியால் மெத்தையை அவவுக்குப் பின்னாலை நிமித்துங்கோ, மைக்குக்குப் பின்னாலை இல்லை. உடுப்பு நிறைஞ்ச அலுமாரி இருந்தால் கதவைத் திறந்து அதுக்கு முன்னாலை நிப்பாட்டலாம். நிலத்துக்குத் தடிச்ச பாய் இல்லாட்டி ரெண்டு மடிப்புப் போர்வை. ஜன்னலுக்குத் தடிச்ச திரை, சுருக்கு விட்டுத் தொங்கவேணும், இழுத்து விரிச்சால் பாதிப் பலன் போயிடும். முட்டை அட்டை ஒட்டாதேங்கோ, மேல் அதிர்வுகளைக் கொஞ்சம் தடுத்துப்போட்டு டின்னை அப்பிடியே விடும். வாயிலிருந்து மைக் 15–20 சென்டிமீற்றர், அறையின்ரை நட்டநடுவிலை நிக்கவேண்டாம். ஃபான் நிப்பாட்டவேணும், வியர்த்தாலும் பரவாயில்லை. கடற்கரைப் பக்கம் எண்டால் ரயில் போய் முடிய விட்டு எடுங்கோ. ஹெட்ஃபோனிலை அவவுக்குப் பிளேட் குடுங்கோ, இல்லாட்டி வரி முடிவிலை இழுத்துப் பாடுவா. ஆனால் ரெக்கோர்ட் ஆகிறது ரிவேர்ப் இல்லாத குரலா இருக்கவேணும். பஃபர் 128 சாம்பிள், 48 கிலோஹேர்ட்ஸிலை 2.7 மில்லி செக்கன், பிந்தல் தெரியாது.

திரும்ப எடுக்க வழியே இல்லையெண்டால் 350 இலிருந்து 450 க்குள்ளை எங்கை டின் கூட எண்டு தேடி 3–4 டெசிபல் வெட்டி, எக்ஸ்பாண்டர் 1.5 ரேஷியோவிலை வரிகளுக்கு இடையிலை 6 டெசிபல் தாழ்த்துங்கோ. அது பூச்சுவேலை. அதுக்கு மேலை எதிர்பாக்காதேங்கோ.

விருத்தத்துக்கு நான் கொழும்பு6 அண்ணையோடை ஒத்துவரேல்லை. தாளமில்லாத இடத்திலை பிளேட் தேவையில்லை, ஹோல்தான். அங்கை ஸ்வரம் ஸ்வரமா வால் மோதுற பிரச்சினை குறைவு, நிண்டு பாடுறா, இடைவெளி விடுறா. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வால். டிகே 2.6, ப்ரீ-டிலே 60, லோ மல்ட் 0.7. ஆனால் ஒரே பஸ்ஸிலை டிகேயை ஓட்டோமேஷனாலை மாத்தாதேங்கோ. ஓடிக்கொண்டிருக்கேக்கை டிகேயோ சைஸோ மாறினால் கன பிளகின்கள் கிளிக் போடும், சிலது சுருதியையே வளைக்கும். 'விருத்த ஹோல்' எண்டு தனிப் பஸ் போட்டுச் சென்டை மட்டும் அசையுங்கோ. பல்லவி தொடங்கிறதுக்கு அரை அட்சரம் முந்தியே சென்டை இறக்கினால் கடைசிச் சொல்லின்ரை வால் பல்லவிக்குள்ளை மெல்லக் கரையும்.

மண்டபத்தின்ரை சத்தம் எடுக்கிறது செய்யக்கூடிய வேலைதான். நிர்வாகத்திட்டை அனுமதி கேட்டு, ஆக்கள் இல்லாத இரவிலை போகவேணும். ஏசி, ஃபான் எல்லாம் நிப்பாட்டவேணும். பவர்ட் ஸ்பீக்கரைப் பாடகர் இருக்கிற இடத்திலை சபையைப் பாக்க வச்சு, மைக்கை நாலாம் அஞ்சாம் வரிசையிலை வச்சு, ரூம் ஈகியூ விசார்ட் எண்ட அளவெடுக்கிற மென்பொருளிலை ஸ்வீப் (தாழ்விலிருந்து மேலை ஏறுற ஒலி) விடுங்கோ. 20 இலிருந்து 20,000 ஹேர்ட்ஸ், 1எம் (பத்து லட்சம் சாம்பிள் அளவு) நீளம், 48 கிலோஹேர்ட்ஸிலை அது 22 செக்கன் கிட்ட. ஸ்வீப் நீளம் இரட்டிக்க இரட்டிக்க இரைச்சலுக்கு மேலை 3 டெசிபல் லாபம். இடது வலது ரெண்டு மைக்குக்கும் தனித்தனியா எடுக்கிறதெண்டால் லூப்பேக் டைமிங் ரெஃபரன்ஸ் (நேரத்தைப் பொருத்திற குறி) போடாமல் எடுக்காதேங்கோ, ரெண்டின்ரை நேரமும் பொருந்தாது. பலூன் உடைக்கிறது விளையாட்டுக்குச் சரி, தாழ் அதிர்வு அதிலை காணாது, ஒவ்வொரு பலூனும் ஒவ்வொரு மாதிரி உடையும்.

எடுத்த பிறகு அதை வேவ் கோப்பாக்கி ரியாவேர்ப்புக்குள்ளை (ரீப்பரின்ரை கொன்வலூஷன் பிளகின்) போடலாம். அதுக்கு முதல் ரெண்டு வெட்டு. முன்னாலை இருக்கிற நேர்ச் சத்தத்தின்ரை உச்சியை வெட்டி எடுத்து, அடுத்த தெறிப்புக்கு முன்னாலை சின்ன ஃபேட் குடுக்கவேணும். அதை விட்டால் குரல் ரெண்டாவது தடவை பிந்தி வந்து சேர்ந்து சீப்புப் பல் மாதிரி அதிர்வுகளை வெட்டும். வாலின்ரை கடைசியிலை இரைச்சல் தொடங்கிற இடத்திலையும் ஃபேட். வெறும் மண்டபம் ஆக்கள் நிறைஞ்ச மண்டபத்தை விட நீட்டா ஒலிக்கும் எண்டதும் ஞாபகம் இருக்கட்டும். நீங்கள் கச்சேரியிலை கேட்டது உடுப்புப் போட்ட சனம் உறிஞ்சினது போக மிஞ்சின சத்தம்.

—

எதிரொலி_கொழும்பு6:

விருத்தத்துக்கு ஹோல், ஏற்றுக்கொள்ளுறன். நான் சரணத்தை மனசிலை வச்சுத்தான் எழுதினது.

கொன்வலூஷன் பற்றி மட்டும் ஒண்டு. அது மண்டபத்தைப் படம் பிடிச்ச மாதிரி. ஒரு கதிரை, ஒரு மைக் நிலை, ஒரு நாள். படத்திலை தூணை நகர்த்த ஏலாது. டிகே கூடிப்போச்சு எண்டால் வாலின்ரை ஃபேடை இறுக்கலாம், ஆனால் முதல் தெறிப்புகள் அப்பிடியே இருக்கும், அளவு பெரிசாத்தான் கேக்கும். 84 பிபிஎம் சரணத்துக்கு அதை இறுக்கி இறுக்கிக் கடைசியிலை மண்டபம் எண்ட குணமே போயிடும். விருத்தத்துக்கு மட்டும் பாவியுங்கோ. இல்லாட்டி முதல் 80 மில்லி செக்கனைக் கொன்வலூஷனிலிருந்தும் வாலைச் சாதாரண ஹோலிலிருந்தும் எடுக்கலாம். ட்ராகன்ஃப்ளையிலை ஏர்லி லெவலைப் பூச்சியமாக்கிப்போட்டு ரெண்டு பஸ்ஸையும் சேர்த்துக் கேளுங்கோ.

சேம்பர் பற்றியும் கேட்டிருந்தியள். ஸ்டூடியோக் கட்டிடத்திலை வெறும் அறை ஒண்டுக்குள்ளை ஸ்பீக்கரும் மைக்கும் வச்சு எடுக்கிறதுதான் அது. ஹோலின்ரை பரப்பு இல்லாமல், பிளேட்டின்ரை பளபளப்பும் இல்லாமல் நடுவிலை நிக்கும். வயலினுக்கு ஹோல் கூடினால் சேம்பர் 1.4 க்கு மாத்துங்கோ. சும்மா சொல்லுறன், உங்கட வெறும் படுக்கையறையே மோசமில்லாத சேம்பர். மெத்தையைத் திருப்பி வெளியிலை எடுத்து, ஸ்பீக்கரைச் சுவரைப் பாக்க வச்சு, வயலினை அதாலை வாசிக்கவிட்டு, எதிர் மூலையிலை மைக் வச்சு எடுத்துப் பாருங்கோ.

மோனோ ஒருக்கா அழுத்திப் பாக்க மறக்கவேண்டாம். விட்த் 100 க்கு மேலை வச்ச ரிவேர்ப்பின்ரை நல்ல பங்கு மோனோவிலை ஒண்டையொண்டு அடிச்சுக் காணாமல் போகும். ஃபோனை மேசையிலை வச்சுக் கேக்கிறவைக்கு அதுதான் கிடைக்கும்.

—

சுருதி5:

குரலைத் திரும்ப எடுக்கிற எண்டு முடிவு. கடைசிக் கேள்வி: பாட்டு கோயில் திருவிழாவிலை குழாய் ஸ்பீக்கரிலை போகப்போகுது. அதுக்கு ஏதும் மாத்தவேணுமோ?

—

தோல்வாத்தியம்:

அதுக்குத் தனி மிக்ஸ் எடுங்கள், இதையே அனுப்ப வேண்டாம்.

குழாய் ஸ்பீக்கரில் தாழ்வும் மேலும் போய் நடு அதிர்வுகள்தான் மிஞ்சும். ரிவேர்ப்பின் வாலும் சொல்லும் ஒரே இடத்தில் நெருக்கிக்கொள்ளும். அதோடு வீதி நெடுகக் குழாய் கட்டியிருப்பார்கள். 34 மீற்றர் தள்ளி இருக்கிற குழாயின் சத்தம் 100 மில்லி செக்கன் பிந்தி வரும், அடுத்தது 200. கேட்பவருக்கு இயற்கையாகவே ஒரு டிலே கிடைத்துவிட்டது, கோபுரமும் மதிலும் வேறு திருப்பி அடிக்கும். நீங்கள் வைத்த மண்டபத்துக்கு அங்கே இடமில்லை.

குரல் பிளேட் சென்டை 6 டெசிபல் குறையுங்கள், விருத்த ஹோலை முழுவதும் மூடிவிட்டு விருத்தத்தையும் பிளேட்டிலேயே விடுங்கள். வயலின் ஹோல் 4 டெசிபல் கீழே. மிருதங்க ரூம் அப்படியே இருக்கலாம், அது சுருக்கம். குரல் ட்ராக் 1 டெசிபல் மேலே. மாஸ்டரில் 200க்குக் கீழும் 6,000க்கு மேலும் வெட்டும் ஈகியூவைத் தற்காலிகமாகப் போட்டு, மோனோவில், குறைந்த சத்தத்தில் கேளுங்கள். சரணத்தின் ஒவ்வொரு சொல்லும் எழுதி எடுக்கக்கூடியதாக இருந்தால் சரி. ஏற்றுமதி செய்யும் முன் அந்த ஈகியூவைக் கழற்றிவிடுங்கள், கோப்பின் பெயரில் 'கோயில்' என்று போடுங்கள், இரண்டும் மாறிப்போகும்.